குழாய் வழியே அன்னம்: எதற்காக, எத்தனை நாள்?

(நமது கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முடிவில் நடந்த கேள்வி-பதிலும் சுருக்கமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் முப்பத்தாறு வருஷம் கோப்புகளைப் படித்துக் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவன். எதையும் மூலக் காகிதத்தைப் பார்க்காமல் நம்பாத பழக்கம் மட்டும் ரிடயர் ஆகவில்லை. ஆகவே இன்று நான் சொல்லப்போவதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாமல், வைத்தியரிடம் போவதற்கு முன் படித்துக்கொள்ளும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர், ஷுகர், முழங்கால் வலி பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. நான் எடுத்துக்கொண்டிருப்பது யாரும் பேசப் பிரியப்படாத விஷயம். கடந்த இரண்டு வருஷத்தில் நமக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வந்தது. “அப்பாவுக்கு ஆகாரம் இறங்கவில்லை, டாக்டர் ட்யூப் போடலாம் என்கிறார், என்ன சொல்வது?” மூன்று வீட்டிலும் பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். மூன்று வீட்டிலும் பதில் சொல்ல அரை மணி நேரம்தான் அவகாசம். அரை மணியில் எடுக்க வேண்டிய தீர்மானத்தை முன்கூட்டியே நிதானமாக யோசித்து வைத்தால் என்ன என்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

விழுங்குவது சாமானிய வேலை அல்ல

ஒரு கவளம் ரசம் சாதத்தை விழுங்கும்போது என்ன நடக்கிறது? நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த க்ஷணத்தில் சுவாசம் நிற்கிறது. குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்கிறது. உணவுக்குழாயின் மேல் வாசல் திறக்கிறது. இதெல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பிறகு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய், அலை அலையாகச் சுருங்கி, எட்டுப் பத்து வினாடியில் கவளத்தை இரைப்பைக்குச் சேர்க்கிறது. இது கிணற்றில் வாளி இறங்குவது போலப் பூமியின் ஈர்ப்பினால் நடப்பது அல்ல. தலைகீழாக நின்றாலும் விழுங்க முடியும்; விண்வெளி வீரர்கள் சாப்பிடுவதும் இதனால்தான்.

ஆகவே விழுங்குவதில் கஷ்டம் என்றால் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, தொண்டையில் ஆரம்பிக்கும்போதே தகராறு: சாப்பிடும்போது இருமல், புரையேறுதல், ஜலம் மூக்கு வழியாக வருதல், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தல். இது பெரும்பாலும் நரம்பு சம்பந்தமானது. பக்கவாதம், பார்க்கின்ஸன் நோய், டிமென்ஷியா என்னும் மறதி நோய் ஆகியவற்றில் வருவது. மற்றொன்று, தொண்டையைத் தாண்டிய பிறகு மார்பில் நிற்பது. இது உணவுக்குழாயின் நோய்.

இரண்டாவது வகையில் டாக்டர்கள் கேட்கும் ஒரு கேள்வி மிகவும் உபயோகமானது. “முதலில் எது இறங்கவில்லை?” இட்லி, சப்பாத்தி மட்டும் முதலில் நின்று, பிறகு குழைந்த சாதமும் நின்று, கடைசியில் மோரும் நிற்கிறது என்றால் குழாய் எங்கோ குறுகிக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். நீண்டநாள் நெஞ்செரிச்சலால் ஏற்பட்ட தழும்பாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். கூடவே எடையும் குறைந்தால் “கேஸ் ட்ரபிள்” என்று ஓம வாட்டரில் காலம் கடத்தாமல் உடனே எண்டாஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். மாறாக, கெட்டியும் ஜலமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகச் சிரமப்படுத்தினால், குழாயின் இயக்கத்திலேயே கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

அந்த இயக்கக் கோளாறுகளில் பிரதானமானது அகலேஷியா. உணவுக்குழாயின் கீழ் வாசல் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இறுகிக்கொள்ளும். 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இப்படிப்பட்ட ஒருவருக்கு, திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் ஸ்பாஞ்சைக் கட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் சாப்பிடும்போதெல்லாம் அதனால் ஆகாரத்தைத் தள்ளிக்கொண்டு பல வருஷம் ஜீவித்தார். 1913-ல் ஜெர்மானிய சர்ஜன் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்த இறுகிய தசையைக் கீறிவிடும் ஆபரேஷனைச் செய்தார். பலூனால் விரிக்கும் முறையும் உண்டு. 2008-ல் ஜப்பானில் ஹாருஹிரோ இனூவே, வெளியே தழும்பே இல்லாமல் வாய் வழியாக எண்டாஸ்கோப்பைச் செலுத்தி உள்ளிருந்தே தசையைக் கீறும் ‘போயம்’ முறையை முதன்முதலில் செய்தார். 2019-ல் வெளியான ஒப்பீட்டு ஆராய்ச்சியில், இரண்டு வருஷ முடிவில் அது ஹெல்லர் ஆபரேஷனுக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. ஆனால் அமிலம் மேலே வருவது மட்டும் இதில் அதிகம். ஹைதராபாத் உட்பட நம் நாட்டிலும் இது பெருமளவில் செய்யப்படுகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: ‘ஆகாரம் இறங்கவில்லை’ என்றால் அடுத்த வார்த்தை ‘ட்யூப்’ அல்ல, ‘ஏன்?’ என்பதுதான். காரணம் தெரிந்தால் பல சமயம் குழாயே தேவைப்படாது.

நம் வீட்டுப் பழக்கங்கள் சில

நம்மவர்களுக்கு என்று சில விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது காப்பி. பயப்படாதீர்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, காப்பியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது. ஆனால் அதே கூட்டத்தில், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று வகைப்படுத்தியது. ஆக, குற்றவாளி காப்பி அல்ல, சூடு. டபராவை நம் பெரியவர்கள் எதற்காக வைத்தார்களோ, இரண்டு ஆற்று ஆற்றிக் குடிப்பது உத்தமம். ‘நாக்கு சுட்டால்தான் காப்பி’ என்பவர்கள் யோசிக்கவும். கல்யாணத் தாம்பூலத்தோடு நிற்காமல் தினமும் பாக்கு போடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: புகையிலை சேராவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று அதே முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது.

இரண்டாவது மாத்திரை. எலும்பு பலத்துக்கான அலெண்ட்ரோனேட், டாக்ஸிசைக்ளின் போன்றவை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். ஒரு முழு டம்ளர் ஜலத்துடன் உட்கார்ந்து விழுங்கிவிட்டு, அரை மணியாவது படுக்காமல் இருக்க வேண்டும். படுக்கையிலேயே ஒரு வாய் ஜலத்துடன் போட்டுக்கொண்டு திரும்பிப் படுப்பது ஆகாது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பது. இது நம் ரத்தத்தில் ஊறிய ஆசாரம். ஆரோக்கியமானவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கவாதம் வந்தவர், பார்க்கின்ஸன் உள்ளவர், ஜலம் குடிக்கும்போது இருமுகிறவர் ஆகியோர் அண்ணாந்து குடித்தால், ஜலம் மூச்சுக்குழாய்க்குள் நுழைய நாமே வழி செய்து கொடுக்கிறோம். இவர்களுக்கு விழுங்கும் பயிற்சி சொல்லித்தரும் நிபுணர்கள், அநேகமாக அதற்கு நேர் எதிராக, முகவாயைச் சற்றுத் தாழ்த்திச் சிறு சிறு வாயாக உறிஞ்சச் சொல்வார்கள். ஆகவே தாத்தாவுக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டு, வாய் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஆசாரமும் கெடாது, நெஞ்சில் கபமும் சேராது.

இந்தப் பயிற்சியாளர்கள் பேச்சு நிபுணர்களாகப் படித்தவர்கள். மைசூரில் 1965-ல் ஆரம்பிக்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்று வருகிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

ரைல்ஸ் ட்யூப் வந்த கதை

1790 வாக்கில் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற சர்ஜன், விழுங்க முடியாத நோயாளி ஒருவருக்கு ஒரு குழாய் வழியே இரைப்பைக்கு ஆகாரம் செலுத்தினார். நாம் இன்று பார்க்கும் மெல்லிய ரப்பர் குழாய் 1921-ல் வந்தது. அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் லெவின் என்பவரும், இங்கிலாந்தில் ஜான் ரைல் என்பவரும் தனித்தனியாக அத்தகைய குழாய்களை வெளியிட்டார்கள். நம் தேசத்தில் ரைல் பெயர்தான் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், ரைல் அதை உள்ளே ஆகாரம் செலுத்தச் செய்யவில்லை; இரைப்பையிலிருந்து அமிலத்தை எடுத்துப் பரிசோதிக்கத்தான் செய்தார்.

வயிற்றில் நேராகத் துளை போட்டு ஆகாரம் செலுத்தும் முறையும் பழையதுதான். இதில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவ நூல்களில் ‘டாம்’ என்று குறிப்பிடப்படுகிறவர். 1895-ல், ஒன்பது வயதில், கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் ஒட்டிப்போய், வயிற்றில் துளை போடப்பட்டவர். பெரியவனாகி நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். அவரைக் கவனித்தே வுல்ஃப், வோல்ஃப் என்ற இரு டாக்டர்கள் 1943-ல் இரைப்பை பற்றிப் புத்தகம் எழுதினார்கள். அவர் ஆகாரத்தை நேராகப் புனலில் ஊற்றிக்கொள்ள மாட்டார். முதலில் வாயில் போட்டு மென்று ருசி பார்த்து, பிறகுதான் எடுத்துப் புனலில் போடுவார். இல்லாவிட்டால் சாப்பிட்ட திருப்தி இல்லை. வயிறு நிறைவது வேறு, சாப்பிடுவது வேறு என்பதை அவர் தன் அனுபவத்திலேயே கண்டுகொண்டார்.

1979 ஜூனில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில், குழந்தைகள் சர்ஜன் மைக்கேல் காடரர், எண்டாஸ்கோபி நிபுணர் ஜெஃப்ரி பான்ஸ்கி இருவரும் சேர்ந்து, வயிற்றைக் கிழிக்காமல் எண்டாஸ்கோப் உதவியால் துளையிட்டுக் குழாய் வைக்கும் ‘பெக்’ முறையைச் செய்தார்கள். முதல் நோயாளி சில மாதக் குழந்தை. அது குழந்தைகளுக்காக யோசிக்கப்பட்ட முறை என்பதை மறக்கக் கூடாது. சுலபமாகவும் சீக்கிரமாகவும் முடிவதால், சில வருஷங்களில் அது முதியவர்களிடம் பரவியது. அந்தச் சுலபமே மிகையான உபயோகத்துக்கு இடம் கொடுக்கிறது என்று காடரரே பின்னாளில் எழுதினார்.

ஆராய்ச்சிகள் சொல்வது

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழாய் யாருக்கு நல்லது செய்கிறது?

திரும்பி வரக்கூடிய உடம்புக்கு நல்லது செய்கிறது. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் சக்தி பலருக்குச் சில வாரங்களில் மீள்கிறது. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கிறவர், பெரிய ஆபரேஷன் ஆனவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் ஆகியோருக்குக் குழாய் ஒரு பாலம். அக்கரை சேர்ந்ததும் எடுத்துவிடலாம்.

பக்கவாத நோயாளிகளை வைத்துப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்த ‘ஃபுட்’ என்ற ஆராய்ச்சி 2005-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு பகுதியில் 859 பேர். ஆரம்பத்திலேயே குழாய் போட்டவர்களிடம் மரணம் 100-க்குச் சுமார் 6 குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாக இருக்க முடியாது என்று அடித்துச் சொல்லும் அளவு உறுதியானதல்ல. பிழைத்தவர்களில் சிலர் மோசமான நிலையிலேயே இருந்தார்கள். இன்னொரு பகுதியில் 321 பேர். இதில் ஆரம்பத்திலேயே வயிற்றில் ‘பெக்’ வைத்ததைவிட மூக்குக் குழாயே மேலாக இருந்தது. அவர்கள் சொன்ன முடிவு: முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மூக்குக் குழாய்தான் முறை. என் அத்திம்பேருக்குப் பக்கவாதம் வந்தபோது ஐந்து வாரம் ரைல்ஸ் ட்யூப் இருந்தது. ஆறாவது வாரம் எடுத்துவிட்டார்கள். இன்று மோர்க்குழம்பில் உப்பு குறைந்தால் கண்டுபிடிக்கிறார். ஆகவே குழாய் என்றாலே ‘எல்லாம் முடிந்தது’ என்று மிரளுகிறவர்களுக்கு நான் சொல்வது, அது தவறு.

ஆனால் டிமென்ஷியா கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களின் கதை வேறு. 2009-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் முதியோர் இல்லங்களில் இருந்த 323 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அதற்குள் காலமானார்கள். 100-க்கு 86 பேருக்குச் சாப்பிடுவதில் சிரமம் வந்தது. அதாவது, ஆகாரம் இறங்காமை என்பது அந்த நோயின் கடைசிக் கட்டமே. நடுவில் வந்த விபத்து அல்ல. 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி 36,492 முதியோர்களின் பதிவுகளைப் பார்த்தது. குழாய் போட்டவர்கள் அதிக நாள் ஜீவிக்கவில்லை. சீக்கிரம் போட்டதாலும் வித்தியாசம் இல்லை. படுக்கைப் புண் வருவது அவர்களிடம் அதிகமாகவே காணப்பட்டது. எச்சிலும், மேலே ஏறிவரும் வயிற்று ஆகாரமும் நுரையீரலில் இறங்குவதைக் குழாய் தடுப்பதில்லை என்பதால், நிமோனியாவும் நிற்பதில்லை. இவையெல்லாம் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனைகள் அல்ல, கவனிப்பு ஆராய்ச்சிகள்தான். இந்த விஷயத்தில் சீட்டுக் குலுக்குவது எளிதும் அல்ல. ஆனால் எல்லாம் ஒரே திசையில் கை காட்டுகின்றன. அமெரிக்காவில் அத்தகைய முதியோர்களில் குழாய் வைக்கப்பட்டவர்கள் 2000-ல் 100-க்கு 12 பேராக இருந்தது, 2014-ல் 6 பேராகக் குறைந்துவிட்டது. அங்கே முதியோர் மருத்துவ சங்கம் சிபாரிசு செய்வது, பொறுமையாகக் கையால் ஊட்டுவதை.

இங்கே என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். புனேயில் இருந்த என் அக்கா, எண்பத்துநாலு வயது, எட்டு வருஷமாக மறதி நோய். பிள்ளையின் பெயர் போய், பிறகு தன் பெயரும் போய், கடைசியில் வாயில் வைத்த சாதத்தை என்ன செய்வது என்பதே மறந்துபோன நிலை. ‘பெக்’ வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. நியூஜெர்ஸியில் இருக்கும் என் மருமான் ராத்திரி போன் பண்ணினான். “மாமா, ட்யூப் வேண்டாம்னு சொன்னா, அம்மாவை நாமே பட்டினி போட்ட மாதிரி ஆகாதா?” என்றான். குரல் உடைந்திருந்தது.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பசிக்கிறவருக்குச் சோறு மறுப்பதுதான் பட்டினி போடுவது. உடம்பு விடைபெறும் காலத்தில் பசியும் தாகமும் தானாக அடங்குகின்றன. நாம் மறுக்கவில்லை, வேளை தவறாமல் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்காரப் போகிறோம். எவ்வளவு வேண்டும் என்பதை அவள் தீர்மானிக்கட்டும். டாக்டரிடம் இருவரும் பேசினோம். குழாயால் ஆயுளோ சௌகரியமோ கூடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. குழாய் வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

அதன் பிறகு ஏழு மாதம் இருந்தாள். பார்த்துக்கொண்ட மராத்திப் பெண் தலையணையை உயர்த்தி நிமிர்த்தி உட்காரவைத்து, குழைத்த பருப்பு சாதத்தைச் சின்ன ஸ்பூனால் ஊட்டுவாள். ஒரு ஊட்டலுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். சில நாள் ஒரு கிண்ணம், சில நாள் நாலு ஸ்பூன். கடைசி வாரம் உதட்டை நனைத்ததோடு சரி. மருமான் லீவு போட்டு வந்து பத்து நாள் தானே ஊட்டினான். குழாய் இருந்திருந்தால் அந்தப் பத்து நாள் அவனுக்குக் கிடைத்திருக்காது என்று அவனே சொன்னான்.

எல்லாருக்கும் இதே முடிவுதான் சரி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு குடும்பமும் வேறு.

குழாயில் என்ன கொடுப்பது?

குழாய் வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் உடனே வடிகட்டிய கஞ்சி, ரசத் தெளிவு, இளநீர் என்று ஆரம்பிப்போம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி வீதம், ஒரு நாளைக்கு 1250 முதல் 1500 கலோரி வேண்டும். புரதம் குறைந்தது 50 கிராம். 10 கிராம் அரிசி போட்ட நீர்த்த கஞ்சி ஒரு வேளைக்கு 35 கலோரி. ஆறு வேளை கொடுத்தால் 210. அதாவது தேவையில் ஆறில் ஒரு பங்கு. புரதம் கிட்டத்தட்ட இல்லை. வயிறு நிறைகிறது, உடம்பு கரைகிறது.

சரி, கெட்டியாகக் கொடுக்கலாம் என்றால் குழாய் அடைக்கிறது. இதற்குப் பௌதிகத்தில் பாய்சூவி விதி என்று ஒன்று உண்டு. குழாயின் உள் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் அளவு பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது. அதோடு திரவம் எவ்வளவு கெட்டியோ, பாய்வது அவ்வளவு குறைகிறது.

இதற்கு நம் பாட்டிமார்களிடமே ஒரு பதில் இருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகு. தானியம் முளைக்கும்போது அமிலேஸ் என்ற என்ஸைம் உண்டாகி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் அதே அளவு மாவு போட்டாலும் கஞ்சி நீர்த்தே இருக்கும்; சத்து குறையாது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தேசிகாச்சார் இதைக் குழந்தை உணவுக்காக ஆராய்ந்து 1980-ல் எழுதினார். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ், கெட்டிக் கஞ்சியில் சிறிதளவு முளைகட்டிய மாவைச் சேர்த்தாலே அது இளகிவிடுவதைக் காட்டினார். குழந்தைக்காகக் கண்ட தத்துவம் குழாய்க்கும் பொருந்தும். ஆனால் அளவையும் கலவையையும் ஆஸ்பத்திரி டயட்டீஷியனைக் கேட்டே செய்ய வேண்டும். வீட்டுத் தயாரிப்பை நன்றாக வடிகட்டி, வேளைக்கு வேளை புதிதாகச் செய்ய வேண்டும். கடையில் விற்கும் பவுடர்களில் சத்துக் கணக்கு சரியாக இருக்கும், செலவு அதிகம். வாங்கும்போது டப்பாவில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் மீன் எண்ணெய் சேர்ப்பதுண்டு.

பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவும் கொடுத்துவிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் முதலான உப்புகள் சடாரென இறங்கி இதயத்துக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போர் முடிவில் விடுவிக்கப்பட்ட பட்டினிக் கைதிகளிடம் இந்த ஆபத்து வெளிப்பட்டது. கொஞ்சத்தில் ஆரம்பித்து, ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஆகாரம் செலுத்தும்போதும் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் குழாயில் சுமார் 30 மில்லி ஜலம் விட்டு அலம்ப வேண்டும். மூக்குக் குழாய் புதிதாகப் போட்டதும் அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரேதான் உறுதியான சாட்சி. காற்றை ஊதி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்ப முடியாது. வாயால் சாப்பிடாவிட்டாலும் தினமும் வாயையும் பல்லையும் சுத்தம் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

டாக்டர் ‘ட்யூப்’ என்றதும் இதை மட்டும் கேளுங்கள். ஒன்று, ஆகாரம் இறங்காததற்குக் காரணம் என்ன, அது சரியாகக் கூடியதா? இரண்டு, விழுங்கும் பரிசோதனை செய்தாகிவிட்டதா? மூன்று, இந்தக் குழாய் எதற்காக, எத்தனை நாளுக்கு? நான்கு, எந்தத் தேதியில் மறுபடி பரிசீலிப்போம்? ஐந்து, வேண்டாம் என்றால் வேறு என்ன செய்யலாம்? சர்க்கார் கோப்பில் ‘மறுபரிசீலனைத் தேதி’ போடாத தற்காலிக உத்தரவு நிரந்தரமாகிவிடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். குழாய்க்கும் அதே கதிதான்.

கடைசியாக, நம் விருப்பம். 2018 மார்ச் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் ‘காமன் காஸ்’ வழக்கில், மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும் என்றார்கள். இது ஊசி போட்டு உயிரை எடுக்கச் சொல்வது அல்ல. அதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆகாரக் குழாய் பற்றிய உங்கள் எண்ணத்தையும் அதில் தெளிவாக எழுதலாம். வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். நானும் என் மனைவியும் எழுதிவிட்டோம். அதைவிட முக்கியம், எழுதியதைப் பிள்ளைகளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினோம். அமாவாசை தர்ப்பணம் பற்றிப் பேசுகிற நாம் இதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம். தூர தேசத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு அந்த அரை மணி நேரத்தில் தனியாகத் தவிக்கிற பாரம் இருக்காது.



கேள்வி-பதில்

‘பெக்’ வைத்தால் வாயால் சாப்பிடவே முடியாதா?
அப்படி இல்லை. விழுங்குவது பத்திரம் என்று பரிசோதித்துச் சொன்னால், ருசிக்காகச் சிறிது வாயிலும் கொடுக்கலாம். டாம் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக் குழாயோடு ஸ்நானம் செய்யலாமா?
புண் ஆறிய பிறகு செய்யலாம். சுற்றிலும் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும்.

குழாயைப் பிடுங்கிவிடுகிறார். கையைக் கட்டச் சொல்கிறார்கள்.
மறதி நோயாளிகளிடம் இது அடிக்கடி நடக்கிறது. கட்டுவதற்கு முன், இந்தக் குழாய் இவருக்குத் தேவைதானா என்ற கேள்வியை டாக்டரிடம் மறுபடி எழுப்புங்கள்.

மாத்திரைகளைப் பொடி செய்து குழாயில் விடலாமா?
எல்லாவற்றையும் கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரையையும், மேலே பூச்சு உள்ளதையும் பொடித்தால் தீங்கு வரும். திரவ மருந்தாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

(ஒரு மாமி) ஏகாதசியன்று குழாயில் என்ன கொடுப்பது?
குழந்தைகளுக்கும் வயோதிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் சாஸ்திரமே விலக்கு கொடுத்திருக்கிறது. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்ததையே கொடுங்கள் மாமி. உபவாசத்தை அவர் சார்பில் நீங்கள் இருந்துவிடலாம்.